லாயத்துப் பரண்

கதிர்வேல்: அம்மிணி, நீ டீக்குப் போலயா? அல்லாரும் வெளிய போயிட்டாங்க.

ரோஸ்மேரி: மெதுவா பேசுங்க சூப்பர்வைசர் சார்... மேலருந்து காரை உதிருது.

கதிர்வேல்: ஜமீன் குதிரை கட்டுன லாயம். சொவரு ரெண்டு மொழம் கனம். நாம பனியன் குடோன் ஆக்குனதுனால உழுந்தா போயிரும்?

ரோஸ்மேரி: காலைல அந்த வளைவுல ஒரு விரிசல்தான் இருந்துச்சு. இப்ப மூணு.

கதிர்வேல்: விரிசலயே எண்ணிட்டு நின்னா பீஸ் யாரு அடுக்கறது?

ரோஸ்மேரி: இங்கன குதிரைக்குக் குதிரை குறுக்குச் சொவரு நின்னுச்சே சார்...

கதிர்வேல்: துணி ரோல் உள்ள போகோணும்ல. ஞாயித்துக்கெழம ரெண்டை இடிச்சுப்போட்டோம்.

ரோஸ்மேரி: கொத்தனாரு ஒண்ணுஞ் சொல்லலையா?

கதிர்வேல்: பரணோட பாரமே அந்தச் சொவுத்து மேலதான் நிக்குதுன்னான். குதிரை ஒண்ணையொண்ணு ஒதைக்காம இருக்கக் கட்டுனது, நீ இடிடான்னு நாந்தான் சொன்னேன்... மொதலாளிகிட்டச் சொல்லிப்போடாத.

ரோஸ்மேரி: ஏசுவே...

கதிர்வேல்: கேட்டியா? உத்தரம் முனகுது.

ரோஸ்மேரி: கேட்டுச்சு. சத்தம் போடாதீங்க.

கதிர்வேல்: வா, வெளிய போயர்லாம்.

ரோஸ்மேரி: இங்கன சாத்தியிருந்த ஏணி எங்க சார்?

கதிர்வேல்: பக்கத்துல, சாரட்டு நிறுத்துன கொட்டாய்க்கு நாந்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன். ஏணி இப்ப எதுக்கு? அந்த வைக்கோல் தள்ற ஓட்டையவே பாத்துட்டு நிக்கற... மேல வெறும் அட்டப்பொட்டிதான?

ரோஸ்மேரி: ஏணி வேணும் சார்.

கதிர்வேல்: சொன்னாக் கேளு அம்மிணி. உன்ர கொழந்தைக்கு நீ வேணும்.

ரோஸ்மேரி: புள்ளையத் தூக்கிட்டு வந்தா வேலையில்லன்னு சொன்னீங்கள்லா...

கதிர்வேல்: ஆமா. அதான் ஊட்டுல உட்டுட்டு வரயே.

ரோஸ்மேரி: விடல சார். பாத்துக்க ஆளில்ல. பத்து நாளா மேல பரண்ல, அந்த உத்தரத்துலதான் தூளி கட்டுறேன்... முழிச்சா துள்ளுவா. சத்தமில்லாமப் போயி ஏணிய எடுத்துட்டு வாங்க.