பிரிஜட்டின் நோட்டில் என் பெயர்

அவைக்குத் தலைமை தாங்கும் அன்புக்குரிய மருதப்பன் ஐயா அவர்களே! அருகில் அமர்ந்திருக்கும் உணவு ஆலோசகர் பதுருன்னிசா அவர்களே! நம் சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்துப் பெரியோர்களே! வேலைக் களைப்போடும் வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த லாசரஸின் கனிந்த வணக்கம்.

எடை குறைப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது என் மனைவி பிரிஜட்டின் கதை ஒன்றுதான். அவள் சம்மதம் பெற்றே வந்திருக்கிறேன்.

தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை அவளுக்கு. நாளெல்லாம் ஏச்சு, நாளெல்லாம் பேச்சு! மாலையில் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறுமுன் ஒரு கடையில் நின்றபடியே நான்கு வடை தின்பாள். பசித்தா தின்றாள்? ருசித்தா தின்றாள்? இல்லை பெரியோர்களே, பதைத்துத் தின்றாள்!

நானோ கேலி பேசினேன். என் தம்பி மார்வின் திருமணத்தில், "என் பொண்டாட்டிக்கு ரெண்டு நாற்காலி போடுங்க லா!" என்றேன். பின்வரிசையில் சிரிக்கிறீர்களே, அன்றும் எல்லோரும் இப்படித்தான் சிரித்தார்கள். பிரிஜட்டும் சிரித்தாள்.

பிறகு சர்க்கரை நோய் வந்தது. பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், இந்தப் பதுருன்னிசா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்தார். "என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் எழுதாதீங்கக்கா. அதுக்கு முன்னாடி மனசு எப்படி இருந்துச்சுன்னும் எழுதுங்க."

மூன்று வாரம் கழித்து அந்த நோட்டை என்னிடம் நீட்டினாள். "நீங்களே படிங்க. வாயால சொல்ல முடியல."

'வடை நான்கு. மேனேஜர் கத்தினார்.' 'கேக் மூன்று துண்டு. விருந்தில் லாசரஸ் என்னைக் கேலி செய்தார்.' புரட்டப் புரட்ட, மேனேஜர் பெயரைவிட என் பெயரே அதிகம்!

"என்னாலயா பிரிஜட்?"

"வீட்டுல என் தட்டையே பார்ப்பீங்க. அதான் கடையிலயே சாப்பிட்டு வந்துடுவேன்."

தாய்மார்களே, அந்த நிமிடம் நான் கூனிக் குறுகிப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மாலை தெம்பனிஸ் ரயில் நிலைய வாசலில் அவளுக்காகக் காத்திருந்தேன். இருவரும் அரை மணி நேரம் நடந்தோம். அவள் அன்றைய பாரத்தைக் கொட்டினாள். நான் காது கொடுத்தேன், புத்தி சொல்லவில்லை. வீட்டில் மேசையில் அமர்ந்து, மூச்சை நிதானமாக விட்டு, மெல்ல உண்டோம். தினமும் அப்படியே.

இடையில் ஒருநாள் மறுபடி நான்கு வடை! "எல்லாம் போச்சுங்க" என்று விம்மினாள்.

"ஒண்ணும் போகல லா. வா, நடப்போம்" என்றேன்.

எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. சர்க்கரையும் இறங்கியது. இப்போது என் எதிரிலேயே, வயிறார, வாய்விட்டுச் சிரித்தபடி சாப்பிடுகிறாள்!

உடன்பிறப்புகளே! ஏசினால் இளைக்குமா உடல்? ஏளனத்தால் ஆறுமா உள்ளம்? தட்டைப் பார்க்கும் கண்களால் முகத்தைப் பாருங்கள்! 'எவ்வளவு சாப்பிட்டாய்?' என்று கேட்கும் வாயால், 'இன்றைக்கு என்னம்மா கஷ்டம்?' என்று கேளுங்கள்! கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்!

பொறுமையோடு செவிமடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நலமோடு வீடு சேருங்கள். வணக்கம்!