முதல் வரியில் ஒரு ஜோடி

– டையை இழுக்காதீங்க. நான் சொன்னது காதுல விழுந்துச்சா?

– விழுந்ததாலதான் இழுக்கறேன். உள்ள ஒருத்தன் பேசிக்கிட்டிருக்கான். அடுத்து நான். இப்போ வந்து என் சமன்பாடு தப்புங்கறே.

– உங்களுக்கு அடுத்து நான். அதான் இப்பவே சொல்றேன்.

– கட்டின பொண்டாட்டியே போட்டிக்கு நிக்கறா. இதுல குண்டு வேற போடறா.

– ஒரு பேராசிரியர் வேலைக்கு ரெண்டு பேரையும் கூப்பிட்டது அவங்க. என்னைக் கடிக்காதீங்க.

– சரி, எங்க தப்பு?

– முதல் வரியில. கருந்துளை ஓரத்துல துகள் ஜோடியாத்தானே பிறக்குது? ஒன்னு உள்ள விழும், ஒன்னு தப்பிச்சு வெளிய வரும். அந்த ஜோடியை நீங்க ரெண்டு தடவை எண்ணியிருக்கீங்க.

– வாய்ப்பே இல்ல. எத்தனை பேர் சரிபார்த்தது தெரியுமா?

– எல்லாரும் ரெண்டாவது வரியிலேருந்து பார்த்திருப்பாங்க. முதல் வரின்னா பாடப்புத்தகம் மாதிரி, நம்ம ஆளுங்க கண்ணு அதுல நிக்காது. இந்தாங்க பேனா. நிகழ்தகவு மொத்தத்தையும் கூட்டிப் பாருங்க.

– இதை இதால வகுத்தா... இரு... இது இங்க வரும்...

– ஒன்னு வரணும்.

– ஒன்னைத் தாண்டுதே! ஐயோ, நூத்துக்கு நூத்தம்பது மார்க் போட்ட வாத்தியார் ஆயிட்டேனே!

– மெதுவா. கதவு திறந்திருக்கு.

– கருந்துளைக்குள்ள விழுந்த சேதி அழியாது, வெளிய வந்தே தீரும்னு ஊர் ஊராப் போய்ப் பேசினேன். எல்லாம் இந்த ஒரு வரியை நம்பித்தான்.

– தண்ணி குடிங்க மொதல்ல.

– டம்ளரை அப்படி வை. ஏய், சொல்லாம விட்டுட்டா? உள்ள யாரு முதல் வரியைப் பார்க்கப் போறா?

– தேர்வுக் குழுவுல கோடாலி உட்கார்ந்திருக்காரே. முதல் வரியிலேயே வெட்டுவாருன்னு நீங்கதானே பேர் வச்சீங்க?

– அந்த ஆள் ஒருத்தர் போதும். நேத்து நம்ம வாண்டு என்ன கேட்டா தெரியுமா? ‘நீ எப்பப்பா போன்லேருந்து இறங்கி வருவே?’ன்னு. அவ பொறந்ததுலேருந்து நீங்க ரெண்டு பேரும் ஒரு ஊரு, நான் ஒரு ஊரு. நம்மள்ல யாருக்குக் கிடைச்சாலும் ஒரே வீடுன்னு எவ்வளவு ஆசையா இருந்தோம்.

– எனக்கும் பயமாத்தான் இருக்குங்க.

– உனக்கென்ன? நான் முடிவு பண்ணிட்டேன். போனதும் நானே சொல்லிடறேன், என் வரி தப்புன்னு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாது. கோடாலி வெட்டட்டும். அதுக்கப்புறம் நீ வா, ஜமாய்ச்சிடு. உனக்குக் கிடைச்சா பெட்டியைத் தூக்கிட்டு உன் பின்னாடியே வந்துடறேன்.

– முதல்ல டையை நேராக்குங்க.

– டை கிடக்கட்டும். நீ குவாண்டம் ஆளு. என் கருந்துளைச் சேறு உன் மேல ஒட்டாது. இருந்தாலும் புதுசா என்ன பண்ணியிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?

– போட்டின்னு வந்துட்டா ஒருத்தரோடதை ஒருத்தர் பார்க்கக்கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?

– அப்போ என் கணக்கை மட்டும் ஏன் நோண்டினே?

– சார், முன்னாடி போனவர் முடிச்சுட்டார். உங்களைக் கூப்பிடறாங்க, உள்ள வாங்க.

– இதோ வந்துட்டேங்க. சொல்லு, ஏன் நோண்டினே?

– உங்களோடதை நான் நோண்டலைங்க, என்னோட கணக்குதான் உதைச்சுது. ஏன்னு தோண்டிக்கிட்டே போனா, அடியில உங்க முதல் வரி. இந்த வேலைக்குன்னு நான் புதுசாக் கட்டினது மொத்தமும் அது மேலதான் நிக்குது. போங்க, கூப்பிடறாங்க... தப்புன்னு சொல்லிடுங்க.