பார்க்க ஆளில்லாத திரை

உங்கள் பின்னால் இருக்கும் கணினித் திரையை அணைத்துவிடலாம், இன்ஸ்பெக்டர். யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் சொல்வதைக் கான்ஸ்டபிள் கையால்தான் எழுதுகிறார்.

வேண்டாமென்றால் சரி.

என் பெயர் சிவகுருநாதன். வீடு பிரிக்பீல்ட்ஸில். கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் அலுவலக நிர்வாகி. வெளியே அழுதுகொண்டிருக்கும் தனலெட்சுமியின் கணவர் இராமலிங்கம், அங்கே கணக்குப் பிரிவில் இருந்தார். எனக்கு அவரைப் பிடிக்காது என்று அந்த அம்மாள் சொல்லியிருப்பார். அப்படி ஒன்றுமில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குக் கருத்து வேறுபாடு.

தொண்ணூற்றொன்றில் அலுவலகத்துக்குக் கணினிகள் வந்தன. நான் ஒரு விதி வைத்தேன். நாற்காலியை விட்டு எழுந்தால் திரையை அணைக்க வேண்டும். தேநீருக்கு எழுந்தாலும் சரி, கழிவறைக்கு எழுந்தாலும் சரி. கணினிப் பெட்டி ஓடட்டும், திரை மட்டும் தூங்கட்டும். மின்சாரம் மிச்சம். அதைவிட முக்கியம், திரைக்குள் இருக்கும் படக்குழாய்க்கு ஓர் ஆயுள் உண்டு. யாரும் பார்க்காத நேரத்தில் அதைச் செலவழிப்பதை என்னால் தாங்க முடியாது.

எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் சிக்கனத்தைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் கேலி உண்டு. லோரிகளைக் கவனிக்கும் கார்த்திகேசு எல்லார் முன்னாலும் சொன்னார்.

“மிஸ்டர் சிவா தூங்கும்போது மூச்சையும் ஆஃப் பண்ணி வச்சிருவாரு லா. அதான் சிலோன்காரங்க எல்லாம் நூறு வயசு இருக்காங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை யோசித்துப் பார்த்தேன். தவறாகத் தெரியவில்லை.

இராமலிங்கம் மட்டும் அணைக்க மாட்டார். அவர் எழுந்து போனதும் நான் போய் அணைப்பேன். திரும்பி வந்து போடுவார்.

“பல்பு எப்ப பியூஸ் போவுது? சுவிட்ச் போடுறப்பதானே. சும்மா எரியறப்பவா போவுது? நீங்கதான் ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி அதைக் கொல்றீங்க, மிஸ்டர் சிவா.”

கொல்வது என்ற சொல்லை முதலில் பயன்படுத்தியவர் அவர். கான்ஸ்டபிள் அதை எழுதிக்கொள்ளட்டும்.

சென்ற ஆண்டு ஆயுத பூசைக்கு முந்தின வாரம் என் திரை பழுதாகிவிட்டது. அவருடையது எரிந்துகொண்டே இருந்தது. பூசையன்று வழக்கம்போல லோரிகளுக்கும் கணினிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். இராமலிங்கம் என் திரையை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்து, செத்தவர் படத்துக்குப் போடுவதுபோல மாலை போட்டு, முன்னால் விளக்கும் ஏற்றினார். டைப்பிஸ்ட் பூரணம் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்.

“கும்பிட்டுக்குங்க, மிஸ்டர் சிவா. அடிக்கடி தூங்க வச்சீங்க. ஒரேயடியா தூங்கிருச்சு.”

கும்பிட்டேன். ஆனால் ஒரு திரை பழுதானதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதற்கு இன்னொரு திரை வேண்டும்.

இந்த வாரம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் நெஞ்சிலிருந்து வயர்கள் தலைமாட்டில் இருந்த ஒரு திரைக்குப் போயின. அதில் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. தனலெட்சுமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்திலேர்ந்து ஒரு வாய் டீ குடிக்கல அண்ணே. கொஞ்சம் பாத்துக்குங்க, வந்துர்றேன். அது சத்தம் போட்டா நர்ஸ் ஓடி வருவாங்களாம்.”

அவர் போனார். இராமலிங்கம் கண்ணை மூடியிருந்தார். நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இப்போது அந்தத் திரையைப் பார்க்க யாருமில்லை.

சுவிட்ச் பின்பக்கம் இருந்தது. எங்கள் அலுவலகத்திலும் அங்கேதான். அணைத்தேன். திரை காட்டுவது மட்டும்தான், இன்ஸ்பெக்டர். அதை அணைத்தால் பெட்டிக்குள் நடக்கும் வேலை நிற்காது. இதயமும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் அணைப்பதற்கு முன்பே அது சத்தம் போடத் தொடங்கியிருந்தது. அது எதற்கான சத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சத்தத்தை விட்டுவிட்டுத் திரையை மட்டும் அணைக்க அதில் வசதி இல்லை.

இராமலிங்கம் கண்ணைத் திறந்தார்.

“போடுங்க, மிஸ்டர் சிவா. அதைப் போடுங்க.”

அலுவலகத்திலும் இதையேதான் சொல்வார். உடனே போடக் கூடாது என்று பொறுமையாக விளக்கினேன். குழாய் ஆற வேண்டும். அணைத்த சூட்டோடு போட்டால்தான் கெடுதல். யோசித்துப் பார்த்தால் அது அவருடைய வாதமேதான். அவருக்காக அதை ஒப்புக்கொண்டேன்.

அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். நான் அந்தக் கையை விடுவித்துப் போர்வைக்குள் வைத்தேன். அதன் பிறகு அவர் வாதம் செய்யவில்லை. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை.

ஆறியிருக்கும் என்று தோன்றியதும் போட்டேன். திரை வந்தது. பளிச்சென்று இருந்தது. குறுக்கே ஒரு பச்சைக் கோடு, நூல் பிடித்ததுபோல நேராக. ஒரு பழுதும் இல்லை.

நர்ஸ் ஓடி வந்தபோது நான் இராமலிங்கத்தின் தோளைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தேன். அந்தத் திரையை அவர் பார்த்திருக்க வேண்டும்.