ஐந்தாவது முடிச்சு

"குனி! குனிஞ்சு ஓடு!"

காக்கா கத்துகிறார். என் மூத்த சகோதரர். குனிய முடியவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு. தையல் இழுக்கிறது. மகளை நெஞ்சோடு அணைத்தபடி ஓடுகிறேன். தூரத்தில் ஒரு 'டும்'. பிறகு சீழ்க்கை போல ஒரு சத்தம். அது நின்றால் பக்கத்தில் விழப் போகிறது. நிற்கிறது. நிலம் குலுங்குகிறது. வாய் நிறைய மண்.

தொண்ணூறாம் ஆண்டு. இலங்கையின் கிழக்குக் கரை, கல்முனை. ஒரு வியாழக்கிழமை, பின்னேரத்து அஸர் தொழுகைக்குச் சற்றுப் பிந்தி. எனக்குப் பதினாறு வயது. மகள் பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த ஷெல்லை யார் அடித்தார்கள் என்று பிறகு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அது ராஹிலாவின் குசினியில் விழுந்தது.

ராஹிலா என் மதினி. காக்காவின் மனைவி. வயது பதினேழு. அவளுக்கு ஆண் பிள்ளை, என் மகளுக்கு மூன்று வாரம் மூத்தவன். சண்டைக் காலத்தில் குமரை வீட்டில் வைத்திருக்கப் பயம் என்று எங்கள் இருவரையும் அடுத்தடுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பையை வைத்த கையோடு தொட்டில் கட்டினோம். பெரியவர்களின் பயம் தீர்ந்ததாம். என் கணவர் உழைக்கவென்று கத்தாருக்குப் போனார்.

முதல் சத்தம் கேட்டதும் ராஹிலா பிள்ளையைக் காக்காவிடம் கொடுத்தாள்.

"அடுப்ப அணைச்சிட்டு வாறன். வீடு பத்திக்கும்."

உள்ளே போனாள். வீடு பற்றி எரிந்தது.

அவளை அவசரமாக அடக்கினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஓர் உழவு மெசினின் பெட்டியில் ஏறித் தெற்கே வந்தோம். அட்டாளைச்சேனை. ஒரு பள்ளிக்கூடம். வகுப்பறை நிறையப் பெண்கள். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு. அதன் கீழே பாய் விரித்தோம்.

ராஹிலாவின் மகன் அழுகிறான். கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். வயிற்றோட்டம் பிடித்தது. காக்கா பால்மா தேடி நடந்தார். கடைகள் எல்லாம் பூட்டு. அவன் அழ அழ என் சட்டை நனைகிறது. என் உடம்புக்கு யார் பெற்ற பிள்ளை என்று தெரியவில்லை. கையை நீட்டினேன். உம்மா, என் தாய், குறுக்கே வந்தார்.

"பால் குடுத்திராத புள்ள. முறை அழிஞ்சிரும்."

இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் இருக்கும்போதே பேசிய சம்பந்தம் அது. அவன் மச்சான், என் மகள் மச்சாள். ஒரே பாலைக் குடித்தால் மார்க்கத்தில் சகோதரர்கள். பிறகு கலியாணம் இல்லை.

உம்மாவைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்க வேண்டாம். அவன் அவருடைய பேரன். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். தாய் இல்லாத பிள்ளை தாயின் ஆட்களிடம் வளரும்.

"ராஹிலாட ஆக்கள் இவனக் கொண்டு போயிடுவாங்க. கலியாணம் ஒண்டுதான் இவன நம்மட வாசலுக்குத் திருப்பிக் கொண்டு வரும்," என்று சொல்லி அழுதார்.

வராந்தாவில் இருந்த மார்க்கம் படித்த லெப்பையிடம் போய்க் கேட்டார். ஐந்து தடவை வயிறு நிறையக் குடித்தால்தான் முறை அழியும் என்று அவர் சொன்னார். உம்மாவின் முகம் தெளிந்தது. நாலு தடவை கொடுக்கலாம். அதற்குள் பால்மா வந்துவிடும்.

முதல் தடவை குடித்தான். உம்மா தன் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டார். இரண்டாவது தடவை. இரண்டாவது முடிச்சு. மூன்றாவது முடிச்சும் விழுந்தது, ஆனால் அந்தத் தடவை பால் சுணங்கிச் சுணங்கித்தான் வந்தது. தலை சுற்றியது. இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக வீரிட்டன.

ஏன் சுணங்காது? பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியும்வரை பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாதாம். காலையும் மாலையும் அரைக் கோப்பை கொத்தமல்லித் தண்ணீர். அவ்வளவுதான். ஆலையடிவேம்பிலிருந்து சைக்கிளில் ஒரு மிஸ்ஸி வந்தார். பிள்ளைப்பேறு பார்க்கும் அரசாங்க மருத்துவிச்சி. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பகை மூண்டிருந்த அந்த நாட்களில் தமிழ்ப் பெண் ஒருத்தி முஸ்லிம் ஊருக்குள் வருவது லேசான காரியம் இல்லை. வந்தார். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தமே இல்ல. தண்ணி குடிக்கிறியா?"

"பச்ச உடம்பு மிஸ்ஸி. தண்ணி குடிச்சா வயிறு பெருத்திரும்," என்று உம்மா முந்திக்கொண்டார்.

"இவ குடிக்காட்டி ரெண்டு பிள்ளையும் காயும்."

நான் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். நாற்பது நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாதவள் ஷெல்லுக்குள் ஓடி வந்திருக்கிறேன். அதற்கு ஒருவரும் தடை சொல்லவில்லை. தண்ணீருக்கு மட்டும் தடையா? எல்லோரும் பார்க்க வாளியைச் சாய்த்துக் குடித்தேன். கழுத்து வழியே வழிய வழியக் குடித்தேன். திரும்பி வந்து நாலாவது தடவை கொடுத்தேன். உம்மா நாலாவது முடிச்சைப் போட்டார்.

காக்கா வெறுங்கையோடு வந்தார். மறுபடியும் போனார். சனிக்கிழமை, நடுப்பகல் ளுஹர் பாங்கு கேட்கிறது. ராஹிலாவின் மகனுக்கு உச்சி குழி விழுந்திருக்கிறது. அழுகிறான், கண்ணீர் இல்லை. உம்மா அவனை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்கிறார்.

"கொஞ்சம் பொறு. காக்கா வந்திருவான்."

பொறுக்கவில்லை. மடியிலிருந்து அவனைப் பிடுங்கினேன். எனக்கு ஆத்திரம். ஷெல் அடித்தவர்கள் மேல், பூட்டிய கடைகள் மேல், அந்த முடிச்சுகள் மேல். வகுப்பறைக்கே கேட்கச் சத்தமாகச் சொன்னேன்.

"எல்லாரும் பாத்துக்கங்க. இது அஞ்சாவது. நீங்கதான் சாட்சி. மருமகனா வாறதுக்கு இருவது வருசம் வேணும் உம்மா. மகனா இப்பவே வரட்டும்."

அவன் குடிக்கிறான். தொண்டையில் பால் இறங்கும் சத்தம் கேட்கிறது. வயிறு நிறையக் குடித்து, தானாகவே வாயை எடுத்தான்.

உம்மா முந்தானையைக் கையில் எடுத்தார். ஐந்தாவது முடிச்சைப் போடப் போகிறார் என்று நினைத்தேன். நாலையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அந்தத் துணியால் அவன் வாயைத் துடைத்தார். எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் செம்பு நிறையத் தண்ணீர்.

"குடி," என்றார்.

இனி, நாங்கள் இழந்தவை.

ராஹிலா. பதினேழு வயது. அடுப்பை அணைக்கப் போனவள். சீதனமாகக் கிடைத்த அவளுடைய வீடு. அந்த வகுப்பறையில் மரித்த இரண்டு சிசுக்கள். அவர்களைப் பெற்றவர்களும் என் வயதுக்காரிகள். பெயர் வைக்கக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. ராஹிலாவின் படிப்பு. என் படிப்பு.

என் மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை. அவனை மட்டும் நானேதான் இழந்தேன். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. ராஹிலாவின் ஆட்கள் அவனை வளர்த்தார்கள். பெருநாளன்று அவனுக்கு முதல் சாப்பாடு என் வீட்டில்தான். கதவைத் தட்டாமல் வருவான்.

மகளின் கலியாணத்தன்று, வந்த மாப்பிள்ளைக்குக் காலைக் கழுவி, அவரிடம் மோதிரம் பரிசாக வாங்கினான். எங்களில் அது பெண்ணின் கூடப்பிறந்தவன் செய்கிற வேலை. வேறு யாரையும் கிட்ட வர விடாமல், செம்போடு வாசலில் முதல் ஆளாக நின்றான்.