எலுமிச்சம்பழத்தில் மோதிய ரேஸ் கார்

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் மடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு பார்முலா ரேஸ் கார், ரிமோட்டில் ஓடுவது. கணவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் கைப்பேசியை இறக்கினேன்.

“எலுமிச்சம்பழத்துல மோதிக் கவுந்த கார் உலகத்துலயே நம்மதுதான்.”

“புதுக் காருக்குப் பூஜை போட்டா டயருக்கு அடியில பழம் வைக்கணும்ல? நசுங்கும்னு நினைச்சேன்.”

“ஒரு கிலோ எடைதான்லா இந்தக் கார். பழமா நசுங்கும்? ஸ்டீயரிங் கம்பிதான் வளைஞ்சுச்சு.”

அவள் குனிந்து, முன் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த மெல்லிய கம்பியைச் சின்ன ஸ்பேனரால் திருகி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“இன்னும் இடது பக்கம் இழுக்குமா?”

“கொஞ்சம் இழுக்கும். அரைச் சுத்து திருப்பிட்டேன். பத்தலன்னா டிராக்ல போய் இன்னும் கொஞ்சம் திருப்புவேன்.”

“பேசாம இன்னிக்கு விட்டுட்டு அடுத்த ரேஸ் ஓடலாமே?”

“இன்னிக்கு ஓடுறேங்க. கோணலாப் போனாலும் கடைசி ரவுண்டு வரைக்கும் ஓட்டிட்டுத்தான் வருவேன்.”

“சரி, ஓட்டு. பூஜை மட்டும் வேணாம்மா, ப்ளீஸ்.”

அவள் பையிலிருந்து ஒரு சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே காகிதம் போல மெல்லிசாக வெட்டிய நாலு எலுமிச்சை வில்லைகள்.

“காலையிலயே பழைய டயர் மாட்டி, இதே மாதிரி வில்லை மேல ஓட்டிப் பார்த்துட்டேன். நல்லா ஏறி இறங்குது.”