அபயாம்பாளின் ஓடை

எனக்குத் தண்ணீரில் கால் வைப்பதே பிடிக்காது. என் மனைவி அபயாம்பாள் நேர்மாறு. மாயவரத்தில் விலங்கியல் படித்தவள். கல்யாணமாகி சான் ஹோசே வந்தபோது அவளுடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது. வீட்டில் அடைந்து கிடந்தவளை ஓடைகள்தாம் வெளியே இழுத்தன. கல்லைப் புரட்டி க்ரேஃபிஷ் பிடிப்பாள். நண்டைப் போலக் கொடுக்கு வைத்த நன்னீர் இறால் அது. அளந்து, எழுதிக்கொண்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவாள்.

மலையடிவார ஓடை ஒன்றில் சின்னக் கறுப்பு வகையைக் கண்டாள். அந்தப் பக்கம் அற்றுப்போனதாக எல்லோரும் நினைத்திருந்த வகை. அவள் எழுதிப்போட்டதும் விலங்கியல் மியூசியத்துக்காரர்கள் வந்து பார்த்து, ஆண்டுதோறும் அதைப் பதிவுசெய்யும் பொறுப்பை அவளிடமே கொடுத்தார்கள். அன்று அவள் அழுதாள். நானும் சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

1997 தொடக்கத்தில் எனக்கு டெக்ஸஸில் நல்ல வேலை கிடைத்தது.

"நான் வரலைங்க. இதுங்கள விட்டுட்டு எப்படி வர்றது? நீங்க வேணா போய்ட்டு வாங்க."

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் உறுத்தியது. அந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மனைவிக்காக விட்டுக்கொடுத்தேன் என்று நண்பர்கள் பாராட்டினார்கள்.

அவள் கணக்கெடுத்த இன்னொரு ஓடையில் பெரிய வகை ஏராளம். எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டது, சின்னதைத் தின்றுவிடும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அந்த ஏப்ரலில், அவள் டிரைவிங் கிளாஸ் போன சனிக்கிழமைகளில், அங்கே போய்ப் பிடித்தேன். வயிற்றில் முட்டை சுமந்தவையாகப் பார்த்து எடுத்தேன். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் அவளுடைய ஓடையில் விட்டேன்.

இரண்டு வருடத்தில் அங்கே பெரியவை மட்டும்தான் இருந்தன. ஈர பூட்ஸோடு வந்து காரில் உட்கார்ந்தாள்.

"எப்படிங்க வந்துச்சு இது?"

"ரெண்டு ஓடைக்கும் ஒரே பக்கெட்தானே அபயா? நல்லா கழுவினியா?"

"கழுவினேனே."

"குட்டிங்க கண்ணுக்கே தெரியாதுன்னு நீதான சொன்ன?"

மறுநாள் மியூசியத்துக்கு போன் செய்து, எல்லாம் தன்னால் வந்தது என்றாள். நான் பக்கத்தில் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதன்பின் டெக்ஸஸுக்கே, ஃபிரிஸ்கோ என்ற ஊருக்குக் குடிவந்துவிட்டோம். போன மாதம் கோயிலில், இங்கே டீச்சராக இருக்கும் விசாலாக்ஷி ஆன்ட்டி அவளிடம், "எங்க ஸ்கூல் பிள்ளைங்க கிரீக்ல க்ரேஃபிஷ் எண்ணுறாங்கம்மா. நீ வந்து ஹெல்ப் பண்ணேன்," என்றார்.

"வேணாம் ஆன்ட்டி. நான் கால் வெச்ச ஓடை அழிஞ்சுபோச்சு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்த ஓடையை அழித்தவன் நான். அவளிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் அபயா மென்மையானவள். என்னையும் இழந்துவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?