கட்டைவிரலை மிஞ்சின விரல்

எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாம் மணமக்களைப் பொன்னு, மணி, முத்துன்னு வாழ்த்திட்டாங்க. என் கையில அவ்வளவு நகை கிடையாது. ஒரு குட்டிக் கதை இருக்கு. அதைச் சொல்லிட்டு மைக்கைக் குடுத்துடுதேன். கேக்கீங்களா? கேட்டுத்தான் ஆகணும்... வாசல்ல என் மச்சான் நிக்கான், யாரையும் வெளிய விடமாட்டான்.

சுரண்டைப் பக்கம் ஒரு ஊரு. அங்க ஆவுடையம்மாள்னு ஒரு அம்மா. மகன் இசக்கிராஜுக்குப் பொண்ணு பார்க்கப் போனாங்க. பொண்ணு பேரு உலகேஸ்வரி. நல்ல குடும்பம், நல்ல குணம், கேசரியும் நல்லா இருந்துச்சு. பையன் பொண்ணைப் பார்த்தான். பொண்ணு பையனைப் பார்த்துச்சு. ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. ஆவுடையம்மாள் எதைப் பார்த்தா? காலைப் பார்த்தா!

பொண்ணுக்குக் கட்டைவிரலை விட அடுத்த விரல் நீளம். நம்ம பக்கம் அதுக்கு என்ன சொல்லுவாங்க? "புருஷனை அடக்கி ஆளுவா!" சொல்லுவாங்களா, இல்லையா? ...அந்தா, முன் வரிசையில ஒரு மதினி சேலைக்குள்ள காலை இழுக்காங்க. இழுக்காதீங்க மதினி, அண்ணன் மூஞ்சியைப் பார்த்தே தெரிஞ்சு போச்சு.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்"னுட்டா ஆவுடையம்மாள். பையனுக்குச் சோறு இறங்கல. அவன் அப்பா குற்றாலிங்கம் என்ன சொன்னாருன்னு கேக்கீங்களா? அந்த மனுசன் வீட்ல இருக்காரா இல்லையான்னு வாசல்ல கிடக்கிற செருப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். அவரு எங்க சொல்ல!

அந்த நேரம் பார்த்து, காலேஜ்ல இருந்து அமலோற்பவம்னு ஒரு பேராசிரியை அந்த ஊருக்கு வந்தாங்க. ஆராய்ச்சி பண்ண. என்ன ஆராய்ச்சி? ராக்கெட்டா? குண்டா? ...கால் விரலு! விரல் நீளத்துக்கும் வீட்டு அதிகாரத்துக்கும் சம்பந்தம் உண்டான்னு கண்டுபிடிக்கணுமாம். சமுதாயக்கூடத்துல பாயை விரிச்சு, புருஷன் பொண்டாட்டியா வரச்சொல்லி, விரலை அளப்பாங்க. அளந்துட்டு, "உங்க வீட்ல யார் பேச்சு செல்லும்?"னு கேப்பாங்க.

ஊரே காலைத் தேய்ச்சுக் கழுவுச்சு. கழுவுன கழுவுல குடிக்கத் தண்ணி இல்லை. ஒருத்தன் நெஞ்சை நிமித்தி, "டீச்சர், எங்க வீட்ல நான்தான் ராஜா"ன்னான். பின்னாடியே பொண்டாட்டி, "ராஜா, எந்திரிச்சு வாங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்!"

இசக்கிராஜ் அம்மாவைப் பிடிச்சான். "எம்மா, படிச்சவங்க அளந்து சொல்லட்டும். நீயும் வா."

"வாரேம்லே. அடங்கி நடக்குறவ கால் எப்படி இருக்கும்னு அந்த டீச்சரம்மாவும் பார்க்கட்டும்!"

புருஷனைக் கூட்டிக்கிட்டு வந்தா. காலை நீட்டுனா. அளந்தாங்க. அடுத்த விரல் மொச்சைக்கொட்டை மாதிரி குட்டையா இருக்கு. "பார்த்தியாலே? கட்டைவிரல் பக்கத்துல எப்படிக் கைகட்டி நிக்குது பாரு!"

பேராசிரியை குற்றாலிங்கம் பக்கம் திரும்புனாங்க. "ஐயா, உங்க வீட்ல யார் பேச்சு செல்லும்?"

மனுசன் பேராசிரியையைப் பார்த்தாரு. பொண்டாட்டியைப் பார்த்தாரு. மெதுவா...

"ஏளா... என்ன சொல்லணும்?"

சமுதாயக்கூடமே சிரிச்சு உருளுது! ஆவுடையம்மாளுக்கு முகம் மிளகாப்பழமாப் போச்சு. "எதுக்குச் சிரிக்கீங்க? எங்க வீட்ல அவுக பேச்சுதான். அவுக ஒன்னு சொல்லி நான் மறுத்ததே கிடையாது. சொல்லுங்களேன்!"

"ஆமா."

"சத்தமா!"

"ஆமா!"

அந்த அம்மா சொன்னதுல பொய்யில்லை. அவரு எதையாவது சொன்னாத்தானே மறுக்க?

பேராசிரியை விடல. "ரொம்ப சந்தோஷம் ஐயா. நீங்க கடைசியா எடுத்த முடிவு ஒன்னு சொல்லுங்களேன்?"

சிரிப்பு நின்னு போச்சு. குற்றாலிங்கம் யோசிக்காரு... யோசிக்காரு... பாவம், எதை யோசிப்பாரு? தலையைத் தூக்குனாரு. எதிர்ல மகன் நிக்கான். கன்னம் ஒட்டிப் போய், அப்பனையே பார்த்துக்கிட்டு நிக்கான்.

"என் மகனுக்கு உலகேஸ்வரியைக் கட்டி வைக்கிறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்."

ஆவுடையம்மாள் துள்ளி எந்திரிச்சா. "எப்ப?"

"இப்ப."

அய்யோ... அந்த அம்மா வாயைத் திறந்தா. ஊரே அந்த வாயைப் பார்க்குது. மறுத்தா, "பாரு, குட்டை விரலை வச்சுக்கிட்டே அடக்கி ஆளுதா"ன்னு சொல்லும். மறுக்காம விட்டா, மருமகளா உலகேஸ்வரி வருவா. என்ன செய்வா? மகன் பக்கம் ஒரு பார்வை பார்த்தா. திறந்த வாயை மூடிட்டு, திரும்பத் திறந்தா.

"அவுக சொல்லியாச்சுல்லா? ...ஏலே, நீ ஏன் மரமா நிக்கே? போய் நல்ல நாள் பார்க்க வழியைப் பாரு!"

கல்யாணம் நடந்துச்சு. ஊர் ஊரா அளந்து முடிச்ச பேராசிரியை, விரலுக்கும் அதிகாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு எழுதுனாங்களாம். குற்றாலிங்கம் அதுக்கப்புறம் இன்னொரு முடிவு எடுத்தாரான்னு கேக்காதீங்க. ஒன்னு போதும்னுட்டாரு.

இதை எதுக்கு இங்க வந்து சொல்லுதேன்? பொண்ணு பார்க்கப் போற அம்மாமாரே... விரலைப் பார்க்காதீங்க, முகத்தைப் பாருங்க. முகம்னா உங்களைப் பார்த்துச் சிரிக்கும். விரல் என்னைக்காவது சிரிச்சிருக்கா? பிடிவாதம் எல்லாருக்கும் உண்டு. ஆவுடையம்மாளுக்கு இல்லாத பிடிவாதமா? ஊருக்குப் பயந்தோ, பிள்ளை முகத்தைப் பார்த்தோ, எப்படியோ விட்டுக் குடுத்தா. அது போதும், ஒரு குடும்பம் பிழைச்சுக்கிடும்.

அப்பாமாரே... வீட்ல தினமும் பேசுங்கன்னு நான் சொல்லல. பேச யாரு விடப்போறா? ஆனா பிள்ளை உங்க வாயைப் பார்த்து நிக்கிற ஒரு நாள் வரும். அன்னைக்கு மட்டும் பக்கத்துல திரும்பி "ஏளா, என்ன சொல்லணும்?"னு கேட்டுறாதீங்க.

பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும். வாரேன், வணக்கம்.